குடும்ப ரசிகர் அட்டைப் பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஆறாவது கடிதம்

அனுப்புநர்
குடும்ப ரசிகர் அட்டை வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஹாக்கி அணி நிர்வாக அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: 'அணியுடன் ஒரு பொழுது' என்ற ரசிகர் சந்திப்பு சொன்னபடி நடக்காதது, சேவை மைய ஊழியரின் மரியாதையற்ற பேச்சு, பணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'தங்கள் கருத்தைப் பகிர்ந்தமைக்கு நன்றி.' நான் கருத்துப் பகிரவில்லை, ஐயா. பணம் கட்டி ஏமாந்ததை எழுதியிருந்தேன். ஐந்தாவது கடிதத்துக்கு வந்த பதிலில் மட்டும் கூடுதலாக ஒரு படம் இருந்தது: அடுத்த பருவத்து அட்டையை இப்போதே வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். அன்று இரவு நான் சாப்பிடாமல் படுத்தேன்.

அட்டையில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அச்சடித்தவர்கள் நீங்கள்தான். நான்காவது மடிப்பில், மஞ்சள் எழுத்தில் இருக்கிறதே, 'பயிற்சியாளர், மேலாளர், மூத்த வீரர்கள் இருவருடன் நேரடிக் கேள்வி பதில்' என்று, அந்த ஒரு வரிக்காகத்தான் 6,999 ரூபாய் கொடுத்தேன். தொப்பியும் சாவிக்கொத்தும் எனக்கு எதற்கு? பள்ளிக் காலத்தில் நான் ஹாக்கியில் லெஃப்ட் ஹாஃப், இடப்பக்கத்து ஆட்டக்காரன். மண் தரையில் ஆடியவன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவனும் மட்டை பிடிக்கிறான். அவனுடைய கேள்விக்கு உங்கள் பயிற்சியாளர் வாயாலேயே பதில் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் இந்த அட்டையை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு என்றீர்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்குக் குறுஞ்செய்தி வருகிறது, செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டோம் என்று. செவ்வாய்க்கிழமை மண்டி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, உங்கள் அலுவலகமும் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு வசதியான நாளைப் பார்த்துத்தான் வைத்தீர்கள் என்று எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்று வரைக்கும் நினைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு வேன் பிடித்தோம். பன்னிரண்டு பேர். அவிநாசி சாலை ஓட்டல் மண்டபத்துக்கு ஒன்பதரைக்கே வந்துவிட்டோம். பத்து மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தது. பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி வந்து திரையை இறக்கி ஏழு நிமிடப் படம் ஒன்றை ஓட்டினார். அதில் பயிற்சியாளர் பேசுகிறார், போன பருவத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு! 'எங்கள் பயணம் தொடரும்' என்கிறார். எங்கே தொடரும்? பட்டியலில் நம் அணிக்குக் கீழே இடம் கிடையாதே. படம் முடிந்ததும் அந்தத் தம்பி, 'கேள்விகளை எழுதிப் பெட்டியில் போடுங்கள்' என்றார். பெட்டி என்று அவர் காட்டியது பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி. உள்ளே துகள் கிடந்தது.

பேரன் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்வியை எழுதி வைத்திருந்தான். 'பெனால்டி கார்னரில் நம் அணி ஏன் எப்போதும் கோல்கீப்பரின் வலப்பக்கமே அடிக்கிறது?' எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கிற அந்த வாய்ப்பைப் பற்றி, அவ்வளவுதான் கேள்வி. அதைக் கிழித்துப் பெட்டியில் போடட்டுமா என்று என்னைப் பார்த்தான். வேண்டாம் கண்ணு, வைத்துக்கொள் என்றேன்.

மூத்த வீரர்கள் இருவரும் 'காயத்தால் ஓய்வில் இருக்கிறார்கள்' என்று அறிவித்தீர்கள். மனிதர்களுக்குக் காயம் வரும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று மாலையே அவர்களில் ஒருவர் ஒரு கடை திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் படத்தை உங்கள் அணியின் பக்கத்திலேயே போட்டீர்கள். கத்தரிக்கோல் பிடிக்கிற கைக்கு ஒலிபெருக்கி கனக்குமா?

இதற்குப் பிறகுதான் நான் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. பதினெட்டு நிமிடம் பாட்டைக் கேட்கவிட்டு, பிறகு ஒருவர் வந்தார். விவரத்தை எல்லாம் சொன்னேன். அவர் சொன்ன பதில்: 'சார், தோற்கிற அணிக்கு இவ்வளவு கேள்வியா? பொழுது போகவில்லை என்றால் கிரிக்கெட் பாருங்கள்.' பெயரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டீர்களா என்றேன். வைத்துவிட்டார். ஏனுங்க, ஹாக்கி அணி நடத்தி, ஹாக்கி அட்டை விற்று, ஹாக்கி பார்க்கிறவனிடம் கிரிக்கெட் பார்க்கச் சொல்வதற்குத்தான் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களா? அப்பன் வயதுள்ளவனிடம் பேசுகிறோம் என்ற எண்ணமாவது வேண்டாமா? இதை நான் விடப்போவதில்லை.

எங்கே விட்டேன்? மண்டபம். நீங்கள் பேசாததால் நாங்களே பேசிக்கொண்டோம். ஏறக்குறைய நாற்பது பேர். பவானியிலிருந்து ஜமக்காள வியாபாரி ஒருவர், திருப்பூரிலிருந்து ஒரு அம்மணி, போத்தனூரிலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர். ஒன்றரை மணி வரை பேசினோம். உங்கள் ஆட்கள் யாராவது அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தால், சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆலோசகர்களுக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

திருப்பூர் அம்மணி நேராக நிர்வாகத்தில்தான் கை வைத்தார். இரண்டு பருவத்தில் மூன்று பயிற்சியாளர்கள். முதலாமவர் எதிரணியின் பாதியிலேயே போய் நெருக்கி ஆடச் சொன்னார். அடுத்தவர் வந்து, பின்னால் நின்று பந்தைப் பறித்துக்கொண்டு ஓடச் சொன்னார். இப்போது இருப்பவர் என்ன சொல்கிறார் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியவில்லை. பாதிப் பேர் முன்னால் ஓடுகிறார்கள், பாதிப் பேர் பின்னால் நிற்கிறார்கள், நடுவில் ஒரு வயல் அளவுக்கு இடம் கிடக்கிறது. வருடா வருடம் மருமகளை மாற்றினால் அடுப்பங்கரையில் உப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். சிரித்தோம்.

பவானிக்காரருக்கு மூத்த வீரர்கள் மேல்தான் கோபம். முப்பத்தைந்தைத் தாண்டிய மூன்று பேரை வைத்துக்கொண்டு எப்படி ஓட முடியும், அனுப்பிவிட்டுப் பையன்களை இறக்குங்கள் என்றார். போத்தனூர்க்காரர் விடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 5-4 என்று நாம் முன்னால் இருந்தபோது, கடைசி ஏழு நொடிகூட இல்லாத நேரத்தில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்ததே, அதைத் தடுத்த ஸ்ரீஜேஷுக்கு அப்போது 33 வயது, பாரிஸில் இரண்டாவது வெண்கலம் வாங்கும்போது 36 என்றார். 1980 மாஸ்கோ தங்கத்துக்குப் பிறகு ஒரு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கத்துக்கு 41 ஆண்டுகள் காத்திருந்த நாடு இது, வயதைச் சொல்லி ஆளைத் துரத்தாதீர்கள் என்று குரல் கம்மச் சொன்னார். மாஸ்கோவில் தலைமை தாங்கிய பாஸ்கரன் நம் தமிழ்நாட்டுக்காரர் என்பதையும் நினைவூட்டினார். உங்கள் அலுவலகத்தில் அது யாருக்காவது தெரியுமோ என்னவோ.

நான் சொன்னது இது. ஸ்ரீஜேஷ் கோல்கீப்பர். கோல்கீப்பருக்கு வயது சரக்கு மாதிரி, ஏற ஏற மதிப்பு. நடுக்களத்தில் ஓடுகிறவருக்கு அப்படியல்ல. ஆனாலும் மூத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு. அவர்களை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே எடுப்பது என்று தெரியாத ஆள் மேல்தான் கோபம். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆட்டத்தை நிறுத்தக்கூட வேண்டாம். அப்படி ஒரு வசதி இருந்தும் நாற்பது நிமிடம் நுரை தள்ள ஓடவிடுகிறார். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் எண்ணினேன், ஐந்து முறை. அவனைக் கூப்பிடவே இல்லை.

போன மாத ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கால்பகுதி, 1-1. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி டிராக் ஃபிளிக் அடிக்கிற ஒரே ஆளை மூச்சு வாங்கட்டும் என்று வெளியே எடுத்தார் பயிற்சியாளர். ஒன்றரை நிமிடத்தில் நமக்குப் பெனால்டி கார்னர். கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும் வரை ஆளை மாற்றக் கூடாது. இது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். வெளியே எடுத்த அந்த மூத்த வீரர் நடுக்கோட்டுப் பக்கம், இடது முழங்காலில் ஐஸ் பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையில் மட்டையோடு நின்றார். நடுவரைப் பார்த்தார், பிறகு பயிற்சியாளரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நான் இருந்த வரிசையிலிருந்து பத்தடி தூரம்தான். ஐஸ் உருகிக் காலுறை நனைந்து சொட்டியது. உள்ளே இருந்த பையன் ஒருவன் அடித்தான். எதிரணியில் முதலில் பாய்ந்து வந்தவரின் முழங்கால் காப்பில் பட்டுத் திரும்பியது. அதே பந்து நம் கோலில் விழுந்தது. கையில் இருந்த இரண்டு இளம் ஃபிளிக்கர்களைப் பருவம் தொடங்கும் முன் விடுவித்தது உங்கள் நிர்வாகம்தானே? அந்தக் காசில் விளம்பரத்துக்கு முகம் வாங்கினீர்கள். பிறகு ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது கோல்கீப்பரை வெளியே எடுத்தீர்கள். துணிச்சல், குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பதிலாக உள்ளே அனுப்பியது யாரை? அந்த ஐஸ் பைக்காரரை. பந்து பறிபோனால் திரும்பி ஓட வேண்டியவர் அவர். காலிக் கோலில் இரண்டு விழுந்து 1-4.

இதைத்தான் கேட்க வந்தோம். அவமானப்படுத்த வரவில்லை. 2025 கடைசியில் இளையோர் உலகக் கோப்பைக்காக மதுரைக்குப் பேரனை அழைத்துப் போனேன். டிக்கெட்டுக்கு ஒரு காசு வாங்கவில்லை. வாசலில் நின்ற தன்னார்வலர் பெண் எங்கள் இருக்கை வரைக்கும் கொண்டு வந்து விட்டாள். காசு வாங்காதவர்களுக்கு இருந்த அக்கறை 6,999 வாங்கிய உங்களுக்கு இல்லை.

நஷ்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஏலத்தில் எனக்கு வர வேண்டிய இரண்டு லோடு மஞ்சள் வேறு மண்டிக்குப் போனது. அதில் குறைந்தது இரண்டரை லட்சம். மாப்பிள்ளை, நாற்பதாயிரத்தைத் தாண்டாது என்கிறார். அவர் வங்கியில் இருப்பவர், மண்டிக் கணக்கு அவருக்குப் பிடிபடாது. வேன் வாடகை, பன்னிரண்டு பேர் சாப்பாடு, பேரனுக்கு அன்று நடந்த கணக்குப் பரீட்சை. வீட்டில் இரண்டு வாரமாக என்னிடம் யாரும் ஹாக்கி பேசுவதில்லை. இதற்கு என்ன தொகை போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. கொங்கு நாட்டில் ஹாக்கிக்குக் காசு போட ஒரு நிறுவனம் முன்வந்ததே பெரிது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். அட்டை வாங்கச் சொல்லி எட்டுக் குடும்பங்களை இழுத்து வந்தவனும் நான்தான். இப்போது அவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. ஆகவே பணிவோடு கேட்கிறேன்: எங்கள் ஒன்பது குடும்பங்களின் அட்டைப் பணத்தையும் வேன் வாடகையையும் பதினைந்து நாளுக்குள் வங்கிக் கணக்கில் போடுங்கள். மண்டி நஷ்டத்தை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். தொலைபேசியில் பேசிய அந்த ஆள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதில் மட்டும் பேரம் கிடையாது.

இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு வர வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. ஈரோட்டுக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை வாய்தா கிடைத்தால் இன்னும் நல்லது.

பயிற்சியாளருக்கு நேரம் இருந்தால் பேரனுடைய கேள்விக்கு மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நோட்டில் அந்தப் பக்கத்தை அவன் இன்னும் கிழிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் குடும்ப ரசிகர் அட்டை வாடிக்கையாளர்.

இணைப்பு: அட்டை நகல், ரசீது, வேன் வாடகைச் சீட்டு, ரிப்பன் வெட்டிய படம்.

பி.கு.: அட்டையோடு வந்த சட்டை இரண்டாவது சலவையிலேயே சாயம் விட்டு என் வேட்டியை நீலமாக்கிவிட்டது. திருப்பூருக்கு ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறவனுக்கு இப்படி ஒரு பனியன் துணியை அனுப்ப உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வேட்டிக்கு 850 ரூபாய். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.