செயலாளரின் ஆண்டறிக்கை: வாசிகசாலையும் மாலை வகுப்பும், காரைதீவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு எமது சங்கம் கையிலெடுத்த இரண்டு பணிகளை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஜூலை 19, சுவாமி விபுலாநந்தர் நினைவு தினம். இவ்வூரில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்தவரை முத்தமிழ் வித்தகராக எல்லா மேடைகளும் போற்றுகின்றன. அவர் வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் நின்றவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஆகவே இம்முறை அவரது ஆசிரியப் பணியை மட்டும் வாசிகசாலையில் காட்சிப்படுத்தினோம். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து அங்கேயே கற்பித்தது, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறியது, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தது, 1920இல் இலண்டன் பி.எஸ்சி., மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர் பதவி, துறவு பூண்ட பின் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஒருவரே என்ற பலகை உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டியது.

பலகைகளைச் சுவரோடு ஒட்டி மாட்டக்கூடாது. கடலோர ஊர் என்பதால் மாரியில் சுவர் ஈரம் கசியும், தாள் கொப்பளித்து மை ஊறும், பின்னால் கறையான் ஏறும். ஒரு அங்குல ரீப்பை (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன்மேல் மாட்டினால் காற்றோட்டம் இருக்கும். மார்கழிக்கு முன் ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டும்.

அடுத்தது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நடத்தும் தரம் 3 முதல் 5 வரையான மாலை வகுப்பு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வினாத்தாளை அடுக்கடுக்காகச் செய்விப்பதற்கு இங்கே இடமில்லை. வினாவை வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. முதலில் வாசிப்பு.

சேரும் பிள்ளையிடம் ஏறத்தாழ அறுபது சொல் கொண்ட பந்தியைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்கிறோம். பாடநூல் பந்தியைக் கொடுத்தால் ஏமாறுவோம். கேட்டுக் கேட்டு மனப்பாடமானதைப் பிள்ளை கண்ணை மூடியும் ஒப்புவிக்கும். அறியாத பந்தியில்தான் நிலைமை தெரியும். பெரும்பாலும் தடுக்குவது கொம்பும் காலும் சேரும் எழுத்துகளில். 'கொடி'யைக் 'கெடி' என்று வாசிக்கும் பிள்ளை முன்னால் உள்ள கொம்பை மட்டும் பார்க்கிறது, பின்னால் வரும் காலை விட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு கிழமை கொ, கோ வரிசை மட்டும்: பத்துச் சொல் அட்டையில் வாசித்தல், அதே பத்தைச் சொல்வதெழுதுதல், பிழைத்ததை மறுநாள் முதலில் எடுத்தல். பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவதை ஆசிரியர்கள் நிறுத்திவிட்டார்கள். சரியான சொல்லைப் பக்கத்தில் எழுதி, பிள்ளையையே ஒப்பிடச் சொல்கிறார்கள். இது மெதுவான வேலை. ஆனால் ஓய்வூதியம் பெற்ற பின்னும் சொந்தச் செலவில் அட்டை வெட்டி எழுதிவரும் இவ்வாசிரியர்களின் பொறுமைக்கு எமது சங்கம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

வரவு இரண்டு தடவை விழுந்தது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் தாய் தகப்பனோடு பிள்ளைகளும் வயல் வாடிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அட்டைக் கட்டொன்றைக் கையில் கொடுத்தனுப்பினோம். மற்றது, உதவிக்கு வரும் உயர்தரம் முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் புறப்பட்டுவிடுவார்கள். அது மகிழ்ச்சியே, என்றாலும் அந்தக் குழு அந்தரத்தில் நிற்கும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கொப்பி வைத்து, எந்த எழுத்தில் நிற்கிறது, எந்த அட்டை முடிந்தது என்று அன்றன்றே எழுதுகிறோம். புதிதாக வருபவர் அந்தக் கொப்பியைப் பார்த்துத் தொடரலாம்.

வரும் ஆண்டுக்குத் தடித்த அட்டை, ஒற்றை றூள் கொப்பி, இரண்டு கரும்பலகை தேவை. கிழமையில் ஒரு மாலை ஒதுக்கக்கூடிய அங்கத்தவர்கள் கூட்டம் கலையுமுன் பெயரைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்