'வெள்ளை ஈக்கு என்ன மருந்து?'

ஆசிரியருக்கு வணக்கம்.

விவசாயிகளின் வாட்ஸ்ஆப் குழுக்களைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்டு நியாயம்தான். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் ஓலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ தலைகாட்டியபோது, எங்களில் பலர் அதன் பேரையே குழுவில்தான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் இன்றைக்கும் யாராவது ஓலையின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, 'இதுக்கு என்ன மருந்து?' என்று கேட்டபடியே இருக்கிறார்கள். உடனே நாலைந்து பதில் வரும். ஒருவர் கடையில் கொடுத்த பூச்சிக்கொல்லி பாட்டிலைப் படம் போடுவார். இன்னொருவர் மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டச் சொல்வார். ஈ கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும்பூசணம் படிந்த ஓலைக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுப் பசை காய்ச்சி அடிக்கலாம் என்பார் வேறொருவர். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது பின்னிரண்டையும்தான். கண்டபடி மருந்தடித்தால், வெள்ளை ஈயின் குஞ்சுகளை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துப்போகும். இதை எங்கள் குழுவில் ஓர் அண்ணன் வாய்ஸ் மெசேஜில் அருமையாக விளக்கியிருந்தார். அப்புறம் காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும் வரிசையாக வந்து விழுந்தன. இப்போது அதைத் தேடி எடுப்பார் யாருமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. மருந்து கேட்டவர் திரும்ப வந்து, என்ன ஆயிற்று என்று சொல்வதே இல்லை. மரம் நெட்டையா குட்டையா, எந்த மாதம் என்ன செய்தார், ஓலை இப்போது எப்படி இருக்கிறது, ஒன்றும் தெரியாது. நல்ல மழை பெய்தாலே வெள்ளை ஈ குறைந்துவிடும். அந்த வாரம் எதை அடித்தவரும் தான் அடித்ததுதான் பலித்தது என்று நம்பி, அதையே அடுத்தவருக்கும் சொல்வார். குழுவில் பாதி வைத்தியம் இப்படிப் பிறந்ததுதான் என்பது என் சந்தேகம்.

அட்மின்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் தோப்பு வேலை இருக்கிறது. நீங்கள் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கலாமே. குழுக்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சொன்னதைச் செய்து பார்த்தவரின் தோப்பு மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று போடுங்கள். பலிக்காமல் போன வைத்தியத்தையும் விட்டுவிடாதீர்கள். முதல் மாதப் பக்கத்துக்கு எங்கள் குழுவில் கேட்டு, வெள்ளை ஈ விவரங்களைத் தொகுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி,
ஆனைமலை.