குறிக்கோள் தாளின் நகல் எதற்கு?

ஆசிரியருக்கு,

பணிச்சோர்வு என்றாலே விடுப்பு, மூச்சுப் பயிற்சி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான், இப்போது குழு சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. அதனால் என் கதையை மட்டும் எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, செயல்திறன் குறைவது. எனக்கு இரண்டாவதுதான் பயம் தந்தது. சக ஊழியர் வணக்கம் சொன்னாலே எரிச்சல் வந்தது. என் குணமே கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன். குழுவில் இன்னொருவர் அதே எரிச்சலைப் பற்றிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

குழுவில் ஒவ்வொருவரும் சொந்தக் குறிக்கோள் ஒன்றை ஒரு தாளில் எழுத வேண்டும். அதை எவ்வளவு எட்டினோம் என்று பிறகு எண் போட வேண்டும். 1968இல் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் வெளியிட்ட அளவுகோல்படி, மைனஸ் இரண்டு முதல் பிளஸ் இரண்டு வரை ஐந்து படிகள். எதிர்பார்த்ததை எட்டினால் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் வாங்கினால் வெற்றி என்பது கணக்குக்காரனுக்குப் புதுமைதான்! இரவு எட்டு மணிக்குப் பிறகு அலுவலகக் கைபேசியைத் தொடுவதில்லை என்பது என் குறிக்கோள். வாரத்தில் ஏழு இரவும் என்றேன். குழு அதை நான்காகக் குறைத்தது. தன்னைத் தானே விரட்டும் ஆளை, அப்படியே ஓடிக் களைத்தவர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். தனியாக எழுதியிருந்தால் அதுவும் அலுவலக இலக்காகவே ஆகியிருக்கும்.

இந்நிலையில், எங்கள் மனிதவளத் துறை அந்தத் தாளின் நகலைக் கேட்கிறது. சிகிச்சைக் கட்டணத்தை எங்கள் அலுவலகம்தான் கட்டுகிறதாம். இன்று நகல் போனால் நாளை அது ஆண்டு மதிப்பீட்டில் வந்து உட்காரும். பிறகு குழுவில் யார் உண்மையான எண்ணைச் சொல்வார்கள்? பணம் கட்டுகிறவர்களுக்கு வருகைச் சான்று போதும். இதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

இன்னொன்று. சமாளிக்க முடியாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மாத இறுதியில் இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்யும் ஏற்பாட்டை எந்தக் குழுவும் மாற்ற முடியாது. அதற்கு எங்கள் மேலாளர்தான் ஒரு குறிக்கோள் தாள் எழுத வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு அழைப்பதில்லை என்று தொடங்கலாம். அவருக்கும் நான்கு இரவு போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத கணக்காளர்