படிகாரக் கசடை ஆற்றில் விடாதீர்கள்: குடிநீர்த் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலை நிமித்தமாக மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் குடியிருக்கும் தமிழன் நான். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அவர்கள் எடுத்துச் சொல்லட்டும்.

சென்ற வாரம் இங்குள்ள பாகீரதி ஆற்றங்கரையில் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்பக்கம் நின்றிருந்தேன். தெளிவிப்புத் தொட்டியின் அடியில் தேங்கிய கசடைத் திறந்துவிட்டார்கள். பழுப்பு நிறத்தில், கஞ்சிப் பதத்தில், கால்வாய் வழியாக நேரே ஆற்றுக்குப் போயிற்று. "வேறெங்கே கொட்டச் சொல்கிறீர்கள்?" என்றார் அங்கிருந்த ஊழியர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

அந்தக் கசடில் இருப்பது ஆற்று வண்டல் மட்டுமல்ல. தண்ணீரைத் தெளியவைக்க மக்கள் பணத்தில் வாங்கிப் போட்ட படிகாரம் அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறி அதில்தான் கிடக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சைத் தன் மேற்பரப்பில் பிடித்துவைக்கும் குணம் அதற்கு உண்டு. படிகாரத்துக்குப் பதில் இரும்பு உப்பு போடும் நிலையங்களின் கசடும் அப்படியே பிடிக்கும். காயவைத்து, நொறுக்கிச் சலித்தால் வடிகட்டியில் நிரப்பலாம். ஆய்வுக்கூடங்கள் இதைப் பலமுறை செய்து காட்டிவிட்டன.

பக்கத்து ஊரில் பீடி சுற்றும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவருடைய உள்ளங்கை முழுக்க அரிசி அரிசியாகக் காய்ப்பு, நடுநடுவே வெடிப்பு. புகையிலைத் தூள் அந்த வெடிப்பில் இறங்கினால் எரியும். துணி சுற்றிக்கொண்டால் விரல் வளையாது, பீடி தளர்ந்துவிடும். தளர்ந்த பீடியை ஏஜென்ட் கழித்துவிடுவார், அந்தக் கூலி போயிற்று. அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு மகளுக்கு வந்த வரன் எழுந்து போனதை, குனிந்த தலை நிமிராமல் சுற்றிக்கொண்டே சொன்னார். ஆர்சனிக் இருக்கிறது, குடிக்கக் கூடாது என்று அவர் வீட்டு அடிபம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வருஷக்கணக்காகிறது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஆர்சனிக் வடிகட்டி ஒன்று நிற்கிறது. உள்ளே போட்ட பொருள் சக்தி இழந்த பிறகு யாரும் மாற்றவில்லை. சிவப்பு பம்புத் தண்ணீரைத்தான் இன்றும் குடிக்கிறார்.

ஆர்சனிக் கலந்த தண்ணீரால் வரும் இந்த நோயை மேற்கு வங்கத்தில் டாக்டர் கே.சி. சாஹா கண்டறிந்தது 1983-இல். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்பு உங்கள் ஆவணங்களிலேயே இருக்கிறது. ஒரு தலைமுறையே இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்துவிட்டது. வடிகட்டி திறக்கும் நாளில் வந்த கூட்டத்தில் ஒருவராவது, அடுத்த ஆண்டு உள்ளிருக்கும் பொருளை மாற்றப் பணம் எங்கே என்று கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? மாற்றுப் பொருள் வாங்க நிதி இல்லை என்கிறீர்கள். நிதி கேட்காத பொருள் கால்வாயில் ஓடுகிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

சிக்கல்கள் உண்டு, தெரியும். நிலத்தடி நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட் என்ற வடிவில் இருக்கும். அது அலுமினியத்தில் எளிதில் ஒட்டாது. முதலில் குளோரின் சேர்த்து, எளிதில் ஒட்டும் ஆர்சனேட் என்ற வடிவுக்கு மாற்ற வேண்டும். தண்ணீரில் பாஸ்பேட் இருந்தால் ஒட்டும் இடத்துக்கு ஆர்சனிக்கோடு போட்டி போடும். கசடிலேயே வேறு உலோகங்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு நிலையத்திலும் சோதிக்க வேண்டும். அப்புறம், ஆர்சனிக் ஏறிய கசடைக் குளத்தோரம் வீசிவிடக் கூடாது, சிமென்டில் கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு இரும்பு சார்ந்த பொருளைக் கொண்டே ஆர்சனிக் வடிகட்டி செய்து கிராமங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறது. அப்படிப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

என் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவுடன் கேட்பது இதைத்தான்: கசடை ஆற்றில் விடுவதை நிறுத்துங்கள். ஒரே ஒரு நிலையத்தின் கசடையாவது காயவைத்து, சோதித்து, பக்கத்துக் கிராமத்தில் செயலிழந்து நிற்கும் வடிகட்டிகளில் போட்டுப் பாருங்கள். வெளிவரும் தண்ணீரை மாதாமாதம் பரிசோதித்து, முடிவை அந்த ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரில் வங்காளத்தில் எழுதி வையுங்கள். வரும் குளிர்காலத்துக்குள் தொடங்க முடியுமா, முடியாதா என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
முர்ஷிதாபாத்வாழ் தமிழன் ஒருவன்