நம்மட குடிநீர் சங்கத்தின்ட 2025 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா, பொருளாளர், நிர்வாக சபை ஆக்கள், வந்திரிக்கிற அம்மாமார், அண்ணன் தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம். வந்த ஆக்கள விட வராத ஆக்கள்தான் கூட. அதால இந்த அறிக்கைய நம்மட வட்ஸ்அப் குறூப்பிலயும் போடுறன், பிறகு எனக்கு ஒண்டும் தெரியா எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடா.

வழமையான விசயங்கள முதல்ல சொல்லி முடிக்கிறன். நிர்வாகக் கூட்டங்கள் நடந்தது, கூட்டம் நடத்தத் தேவையான அளவு ஆக்கள் (கோரம்) இல்லாம ஒத்திவெச்ச மாதங்களும் இரிக்கு. தைக்குள்ள தொட்டி கழுவினம். சித்திரை வருசத்துக்கு முதல் பழுதான மீற்றர்கள் மாத்தினம். வைகாசில அம்மன் சடங்குக்கு குறையில்லாம தண்ணி குடுத்தம். பள்ளிக்கூடத்துல புதுசா ரெண்டு பைப் வெச்சிரிக்கு.

இனி பெப்ரவரி விசயம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுக்க கரண்ட் போனது ஞாபகம் இரிக்கும். பாணந்துறை உப மின்நிலையத்துல குரங்கு பட்டதால எண்டு மந்திரி சொன்னார். பாணந்துறை எங்க, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம் இரிக்கிற நம்மட படுவான்கரை எங்க, ஆனா நம்மட குசினி வாளியும் காஞ்சிட்டு. கரண்ட் போனதால நமக்குப் பெரிய நட்டம் இல்ல, அது திரும்பி வந்த விதத்துலதான் நட்டம். நம்மட பம்ப் மூணு பேஸ் மோட்டர், அதாவது மூணு லைன்ல கரண்ட் வந்தாத்தான் ஒழுங்கா ஓடும். கரண்ட் வரக்குள்ள ஒரு பேஸ் வரல்ல, மோட்டர் மத்த ரெண்டு பேஸிலயும் கூடுதலா கரண்ட் இழுத்து, சூடாகி, உள்ளுக்க சுத்தியிரிக்கிற கம்பி (வைண்டிங்) எரிஞ்சிட்டு. பேஸ் ஒண்டு போனா தானா நிப்பாட்டுற ரிலே இரிந்திரிந்தா மோட்டர் தப்பியிரிக்கும். அந்த ரிலே வாங்கணும் எண்டு அதுக்கு முந்தின பொதுக் கூட்டத்துலயே நான் எழுந்து சொன்னன், இப்ப என்ன அவசரம் எண்டு தள்ளிவெச்சாங்க, அது கூட்டக் குறிப்புப் புத்தகத்துல கிடக்கு, விரும்பின ஆக்கள் பாக்கலாம்.

மோட்டர் வைண்டிங் செஞ்சு வர சரியாச் சுணங்கிட்டு. தண்ணி பவுசருக்கு (தாங்கி லொறிக்கு) சொன்ன இடத்துல இரிந்தும் சுணங்கித்தான் வந்தாங்க, வந்தாலும் றோட்டோரத்து வீடுகள்தான் கேன் நிரப்பினது, உள் ஒழுங்கையில தனிய இரிக்கிற வயசான ஆக்களுக்கு ஒரு சொட்டும் போகல்ல. அண்டைக்குத்தான் நான் முடிவெடுத்தன், இனி பழுது வந்தா என்ன செய்யிற எண்டு முதல்லயே எழுதி வெக்கணும் எண்டு.

சில பேர் கேட்டாங்க, எப்பயோ ஒருக்கா வாற விசயத்துக்கு ஏன் இவ்வளவு பாடு எண்டு. எப்பயோ ஒருக்காவா? 2020 ஆகஸ்ட், 2021 டிசம்பர், 2023 டிசம்பர், பிறகு இந்த 2025 பெப்ரவரி, நாலு தரம் நாடு முழுக்க இருண்டது. 2022ல ஒரு கட்டத்துல நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்க, ஜெனரேற்றருக்கு ஊத்த டீசலும் இல்ல. அதுக்கு மேல நம்ம இரிக்கிறது மட்டக்களப்புல. 1978 நவம்பர் 23 சூறாவளிய நம்மட அப்பா அம்மா இண்டைக்கும் சொல்லுவாங்க, 2004 சுனாமிய நம்மளே கண்டம், 2011 ஜனவரி வெள்ளமும் கண்டம்.

சுனாமிக்குப் பிறகு, வாவிக்குக் கிழக்க கடற்கரையோட இரிக்கிற எழுவான்கரைப் பக்கம் கிணறுகளுக்கு நடந்தத நான் அடிக்கடி சொல்லுறன். உப்புத் தண்ணி போய்ட்டு எண்டு சனம் அவசரப்பட்டு மோட்டர் வெச்சு இறைச்சாங்க, இறைக்க இறைக்க உப்பு கூடினதே தவிர குறையல்ல. கடற்கரை மணல்ல நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் மிதந்து நிக்கும், மேல உள்ளத அளவுக்கு மிஞ்சி எடுத்தா கீழ உள்ள உப்பு ஏறி வரும். மாரி மழை இறங்கினாத்தான் அது தெளியும். அழிவு வந்த நேரம் நல்ல மனசும் கை உதவியும் மட்டும் காணாது, எத முதல் செய்யிற, எதச் செய்யக்கூடா எண்டு தெரிஞ்ச ஆள் வேணும்.

அதால ஒரு அவசரகாலத் திட்டம் எழுதினன். வால்வுகள் எங்கெங்க புதைஞ்சு கிடக்கு எண்டு முதல்தரம் ஒரு படம் கீறினம், இவ்வளவு காலமும் அது பழைய பம்ப் ஒப்பறேற்றர் அண்ணன்ட மண்டைக்குள்ள மட்டும்தான் இரிந்தது. தொட்டி 20,000 லீற்றர். நம்ம ஏறக்குறைய 600 சனம். அனர்த்த நேரம் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஆகக்குறைஞ்சது 15 லீற்றர் வேணும் எண்டு ஸ்பியர் எண்டுற உலக மனிதாபிமான நியமம் சொல்லுது. அப்ப 9,000 லீற்றர், அளந்து குடுத்தா ரெண்டு நாளைக்கு மேல தாங்கும். வழமை போல பைப்பத் திறந்து விட்டா ஒரு நாளைக்கும் காணாது. அதால கரண்ட் போன உடன வெளி வால்வ பூட்டிப்போட்டு, நேரம் வெச்சு, ஒழுங்கை ஒழுங்கையா குடுக்கிற. கர்ப்பிணித் தாய்மார், படுக்கையில கிடக்கிற ஆக்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் முதல்ல. திறப்பு மூணு பேரிட்ட.

இதுக்கு ஒத்திகை வெச்சம். எல்லா வீட்டுக்கும் சொன்னம், வந்தது கொஞ்சப் பேர், அதுலயும் கூடுதலா மாதர் சங்கத்து அக்காமார்தான். இளைஞர்மார் ஒருத்தரையும் காணல்ல, அண்டைக்கு கிரிக்கெட் மெச் எண்டு பிறகு கேள்விப்பட்டன்.

நவம்பர் கடைசில டித்வா சூறாவளி வந்தது. எச்சரிக்கை வந்த அண்டே தொட்டிய முட்ட நிரப்பினம், கரண்ட் போகமுந்தியே மெயின் சுவிச்ச நிப்பாட்டி, பம்ப் ஹவுஸ் கரண்ட் போர்ட கழட்டி உயரத்துல வெச்சம். கரண்ட் போச்சு, வெள்ளம் கிணத்துக்கயும் இறங்கிட்டு. ஆனா தொட்டித் தண்ணிய திட்டப்படி பங்கிட்டம், அக்காமார் கொப்பியில பேர் எழுதி எழுதி குடுத்தாங்க, உள் ஒழுங்கைக்கும் போச்சு. வெள்ளம் வத்தின பிறகு கிணத்த இறைச்சு, சேறு அள்ளித்தான் குளோரின் போட்டம். கலங்கல் தண்ணில எவ்வளவு போட்டாலும் சேறே அதத் தின்னும், கிருமிக்கு மிஞ்சாது. அதோட பிளீச்சிங் பவுடர் திறந்து வெச்சா வீரியம் குறையும், பழைய பேக்க நம்பப்படா. போட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு லீற்றருக்கு 0.5 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சி நிக்கணும், வீட்டுப் பைப்புல 0.2 ஆவது வரணும், உலக சுகாதார நிறுவனத்தின்ட கணக்கு அது. பொதுச் சுகாதார பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா வந்து பாத்து சரி எண்ட பிறகுதான் வால்வ திறந்தம், அதுவும் மெதுவா, ஒரேயடியா திறந்தா காத்தும் தண்ணியும் இடிச்சு பைப் வெடிக்கும். லைன் கடைசில முதல்தண்ணிய வெளிய விட்டுத்தான் வீடுகளுக்கு குடுத்தம். ஒரு பிள்ளையும் வயித்தோட்டம் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போகல்ல. இந்த வருசம் இந்தச் சங்கம் செஞ்ச வேலையில எனக்குப் பெரிசு இதுதான்.

ஒரு மனவருத்தம் இரிக்கு, சொல்லாம விடேலாது. சில வீடுகள்ல மெயின் லைன்லயே நேர மோட்டர் பூட்டி இழுக்கிறாங்க. பக்கத்து வீட்டுக்கு தண்ணி வராதது ஒரு பக்கம், அப்பிடி இழுக்கக்குள்ள பைப்புக்க அமுக்கம் இல்லாமப் போய், எங்கயாவது வெடிப்பு இரிந்தா வடிகான் ஊத்தையும் உள்ளுக்க ஏறும். அது குடிக்கிறது எல்லார்ர பிள்ளைகளும். யார் யார் எண்டு எனக்குத் தெரியும், பேர் சொல்லல்ல, இந்த மாசத்துக்குள்ள கழட்டிடுங்க.

மத்தது நிலுவை. கட்டார்லயும் சவூதியிலயும் இரிக்கிற ஆக்கள் பூட்டின வீட்டுக்கும் சேத்து ஒழுங்கா காசு அனுப்புறாங்க. இங்க இரிந்து தினமும் குளிக்கிற ஆக்கள்தான் நாளைக்கு நாளைக்கு எண்டு கடத்துறது. பில்லோட வீட்டுக்குப் போனா நாயக் கட்டாம விடுற வீடும் இரிக்கு. மோட்டர் எரிஞ்ச அண்டைக்கு சத்தம் போட்டதும் அதே ஆக்கள்தான்.

கணக்கு விபரம் பொருளாளர் வாசிப்பார். பொதுவாச் சொன்னா வைண்டிங் செலவும் ஜெனரேற்றர் வாடகையும் கையிருப்ப நல்லாக் கரைச்சிட்டு, கடன் இல்ல, மிச்சமும் பெரிசா இல்ல.

தலைவர் ஐயாக்கும், கிராம சேவகருக்கும், பி.எச்.ஐ. ஐயாக்கும், பம்ப் ஒப்பறேற்றர் அண்ணனுக்கும், கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி. மாதர் சங்கத்து அக்காமாருக்கு தனியா நன்றி.

அடுத்த வருசத்துக்கு, ரிலே இப்ப போட்டாச்சு, ஆனா ஸ்பெயார் மோட்டர் ஒண்டு இல்லாம இந்தத் திட்டம் அரைவாசிதான். இரிக்கிற மோட்டர் திரும்ப எரிஞ்சா ரெண்டு நாள் தொட்டித் தண்ணிக்குப் பிறகு நம்மட கையில ஒண்டும் இல்ல. நிலுவை முழுக்க வந்தா அத வாங்கலாம், வேற இடத்துல கையேந்தத் தேவையில்ல. நான் திரும்ப செயலாளரா நிக்கிறதா எண்டு சில பேர் கேட்டாங்க. எனக்கு உடம்பும் முந்தி மாதிரி இல்ல, வீட்டுலயும் பேச்சு, ஆனா திட்டத்த இடையில விட மனமில்ல. சபை விரும்பி, ஒத்திகைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வருவம் எண்டு சொன்னா நிக்கிறன். நிலுவை உள்ள ஆக்கள் பங்குனி முடியமுந்தி பொருளாளரிட்ட கட்டி ரசீது வாங்குங்க, ஒரேயடியா ஏலாட்டி ரெண்டு தவணையா கட்டலாம், அதுக்கு நிர்வாகம் ஓம் எண்டிரிக்கு.

இப்படிக்கு,
செயலாளர்