நீலம் காட்டினால் போதாது

எய்யா,

நீ வாங்கிய மூன்று பழைய ஹார்ட் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் சாஃப்ட்வேர் திரையைப் படம் எடுத்து அனுப்பினாயே, மூன்றையும் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அதில் நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மஞ்சள் காட்டும் டிஸ்க்கில் சி5 என்ற வரியில் 8 இருக்கிறது. டிஸ்க் படிக்க முடியாமல் திணறிய செக்டர்கள், அதாவது தகவல் எழுதும் சின்னச் சின்ன இடங்கள் அவை. அதில் ஆச்சி வீடியோவைப் போடாதே.

மற்ற இரண்டும் நீலம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாய். படித்துப் பார்க்கும்வரை எந்த இடம் கெட்டது என்று டிஸ்க்குக்கே தெரியாது. பழைய ஆள் பாதி இடத்தைத் தொடாமலே விற்றிருந்தால் அந்தப் பாதியைப் பற்றி நீலத்துக்கு என்ன தெரியும்? அதனால் குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடு. 4 டிபிக்கு ஒரு ராத்திரி போகும், போகட்டும். முந்தைய ஆளின் படங்களும் அதோடு அழிந்துவிடும். அவற்றைத் திறந்து பார்க்க வேண்டாம், அது அவர்கள் வீட்டுச் சமாச்சாரம். அப்புறம் டிஸ்க் தன்னைத் தானே முழுசாகப் படித்துச் சோதிக்கும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஓடவிட்டு 05 (கெட்டதால் மாற்றி வைத்த செக்டர்கள்), சி5, சி6 (சரிசெய்ய முடியாத செக்டர்கள்) மூன்று வரியையும் மறுபடி பார். ஒன்று ஏறியிருந்தாலும் ஒதுக்கிவிடு.

நீல டிஸ்க் ஒன்றில் சி7 வரியில், அதாவது தகவல் போய் வரும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கையில், 41 இருக்கிறதே, அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்று. அந்த எண் குறையாது, ஏறாமல் நின்றால் சரி. இன்னொன்று 41,000 மணி நேரம் ஓடியிருக்கிறது, நாலே முக்கால் வருஷம் கிட்ட. அதை இரண்டாவது காப்பிக்கு மட்டும் வை.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமிருந்து ஒருவர் டிஸ்க் கொண்டு வந்தார். காய வைத்திருந்தார், ஓடியது, எண்களும் சுத்தம். நானும் நம்பி அவர் சிஸ்டத்திலேயே மாட்டிக் கொடுத்தேன். ஒரு மாசத்தில் நின்றுவிட்டது. கீழே உள்ள பச்சைப் பலகையைக் கழற்றினேன். தொடும் புள்ளிகள் கறுத்திருந்தன. காற்று போகும் சின்னத் துளையைச் சுற்றி மாவு மாதிரி ஆற்று வண்டல். முதல் நாளே திருப்பிப் பார்த்திருந்தால் அவர் மகள் கல்யாணப் படம் தப்பியிருக்கும். இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் மூன்று டிஸ்க்கையும் திருப்பி வைத்து, வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு.

அதுவரை போனில் இருப்பதை அழிக்காதே. ஆச்சி பேசுகிற வீடியோ கடை கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி இருக்கிறது, இன்று ராத்திரி திறந்து பார்த்தேன், ஓடுகிறது.

அப்பா
பாளையங்கோட்டை