ரிஜெக்ட் குழாயில் சென்சார் இல்லாத ஆர்.ஓ. பிளான்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடைக்கு முன்பாகப் பள்ளி, விடுதி, மண்டபம், ஊராட்சி என்று பல இடங்களில் மணிக்கு 500, 1000 லிட்டர் ஆர்.ஓ. (உப்பு நீக்கும்) பிளான்ட்டுகளுக்குக் கொட்டேஷன் வாங்குகிறார்கள். உப்பை வடிகட்டும் மெம்பிரேன் எந்தக் கம்பெனி, பம்ப் எத்தனை ஹெச்.பி. என்பதெல்லாம் அந்தத் தாள்களில் தெளிவாக இருக்கும். தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் சென்சாருக்கு மட்டும் ‘ஃப்ளோ சென்சார் – 1’ என்று ஒரே வரி. என்ன வகை, எந்தக் குழாயில், எவ்வளவு ஓட்டத்துக்கு என்று ஒன்றும் இருக்காது. மெம்பிரேன் சில ஆண்டுகள் உழைக்குமா, சில மாதங்களிலேயே உப்பு அடைத்துக்கொள்ளுமா என்பதும், காசு போட்டுப் பிடிப்பவருக்கு 20 லிட்டர் முழுதாகக் கிடைக்குமா என்பதும் பெருமளவுக்கு அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

ஒரே ஒரு சென்சாருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், அதை நல்ல தண்ணீர்க் குழாயில் வைக்காதீர்கள். ரிஜெக்ட் குழாயில், அதாவது உப்பு சேர்ந்த கழிவுநீர் வெளியேறும் குழாயில், வையுங்கள். நல்ல தண்ணீர் குறைந்தால் தொட்டி நிரம்பத் தாமதமாகும், யாராவது கவனித்துவிடுவார்கள். ரிஜெக்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதோடு, நல்ல தண்ணீர் கூடுதலாக வருவதுபோல் தோன்றி எல்லோருக்கும் மகிழ்ச்சியாகவும் இருக்கும். ‘ரிஜெக்ட் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் தண்ணீர் வீணாகாது’ என்று ஆபரேட்டர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: உள்ளே போகும் தண்ணீரில் பாதி நல்ல தண்ணீரானால் ரிஜெக்டில் உப்பு ஏறக்குறைய 2 மடங்கு ஆகிறது. வால்வை இறுக்கி 70 சதவீதம் எடுத்தால் 3.3 மடங்கு, 80 சதவீதம் எடுத்தால் 5 மடங்கு. நம் போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கு, உப்புப் படிவதைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் போட்டாலும் மெம்பிரேன் இதைத் தாங்காது. முதலில் அடைபடுவது வரிசையின் கடைசி மெம்பிரேன்.

4 அங்குல மெம்பிரேன்கள் ஒரே வரிசையில் இருந்தால், ரிஜெக்ட் ஓட்டம் நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டருக்குக் கீழே போகக் கூடாது. இணையாக இரண்டு வரிசை என்றால் அது இரு மடங்கு. வாங்கும் மெம்பிரேனின் தரவுத்தாளில் இந்த எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்குச் சற்று மேலே, 12 அல்லது 13 லிட்டரில், மெம்பிரேனுக்குத் தண்ணீரை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப் தானே நிற்கும்படி வைக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் முதல் 30 நொடியும், மெம்பிரேனை அலசும் ஃப்ளஷ் நடக்கும்போதும் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு விலக்கு கொடுக்கலாம். பேனலில் மிதவையால் ஓட்டத்தைக் காட்டும் அக்ரிலிக் ரோட்டாமீட்டரால் இதைச் செய்ய முடியாது. அது காட்டும், நிறுத்தாது. இரும்புச்சத்துள்ள தண்ணீரில் சில மாதங்களில் அக்ரிலிக் பழுப்பேறி உள்ளே மிதவை எங்கே நிற்கிறது என்பதே தெரியாமல் போகும்.

அடுத்து அளவு. மணிக்கு 1000 லிட்டர் நல்ல தண்ணீர் என்றால் நிமிடத்துக்கு 16.7 லிட்டர். பாதிக்குப் பாதி ஓட்டினால் ரிஜெக்டும் 16.7, ஃபீட் (உள்ளே போகும் தண்ணீர்) 33.3. கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், உள்ளே விசிறி சுற்றும் அரை அங்குலக் கறுப்பு பிளாஸ்டிக் சென்சார், அதாவது ஒய்.எஃப்.-எஸ்201, நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரைக்கானது. நல்ல தண்ணீருக்கும் ரிஜெக்டுக்கும் அளவு சரி. ஃபீடில் வைத்தால் அதன் எல்லையைத் தாண்டி ஓடித் தேயும். ஃபீடுக்கு 60 லிட்டர் வரை தாங்கும் 1 அங்குல சென்சார் வேண்டும். வழக்கமான ஓட்டம் சென்சாரின் எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் விழுவது நல்லது. குழாய் 1 அங்குலம் என்பதற்காக 1 அங்குல சென்சாரும், அரை அங்குலம் என்பதற்காக அரை அங்குல சென்சாரும் வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பார்க்க வேண்டியது ஓட்டத்தை, குழாயை அல்ல.

அந்த விலை குறைந்த சென்சாரின் துல்லியம் கூட்டிக் குறைத்து 10 சதவீதம். பிளான்ட்டைப் பாதுகாக்க இது போதும். விற்பனைக்குப் போதவே போதாது, ஏனென்றால் 20 லிட்டர் கேனில் 10 சதவீதம் என்பது 2 லிட்டர். காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தில் இதையே வைத்திருந்தால், அந்த இடத்திலேயே அளவு சரிபார்த்தாக வேண்டும். லிட்டருக்கு 450 பல்ஸ் (விசிறி சுற்றும்போது சென்சார் தரும் மின்துடிப்பு) என்று தாளில் இருக்கும். அப்படியானால் கன்ட்ரோலரில் 20 லிட்டருக்கு 9000. காலிக் கேனைத் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டு, வழக்கமான வேகத்திலேயே 9000 பல்ஸ் பிடியுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் 20 லிட்டர் தண்ணீர் சுமார் 19.9 கிலோ இருக்க வேண்டும். 18.6 கிலோதான் இருக்கிறது என்றால் வந்தது 18.7 லிட்டர், லிட்டருக்கு ஏறக்குறைய 482 பல்ஸ் என்று மாற்றுங்கள். மூன்று முறை பிடித்துச் சராசரி எடுங்கள். மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால், தொட்டி நிரம்பியிருக்கும்போது ஒரு முறையும் அடியில் இருக்கும்போது ஒரு முறையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓட்டம் குறையும்போது பிழை மாறும். தொட்டி காலியாகிக் குழாயில் காற்று வந்தால் விசிறி தண்ணீரில் சுற்றுவதைவிட வேகமாகச் சுற்றும். மக்கள் காற்றுக்குக் காசு கொடுப்பார்கள். தொட்டியில் கீழ்மட்ட மிதவை சுவிட்ச் இல்லாமல் விற்பனைச் சென்சார் வைக்கவே கூடாது.

பொருத்தும் இடத்திலும் கவனம் தேவை. சென்சாருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர்க்குழாய் விடுங்கள். ரிஜெக்டில் அது வால்வுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வால்வுக்கு முன்னால் உள்ள அழுத்தம் பிளாஸ்டிக் உடலை உடைத்துவிடலாம். வால்வுக்குப் பின்னால் குழாய் நேரே சாக்கடைக்கு இறங்கினால் பாதிதான் நிரம்பி ஓடும், அளவு கண்டபடி குதிக்கும். குழாயை ஒரு முறை மேலே ஏற்றி இறக்கினால் சென்சார் இருக்கும் இடம் எப்போதும் நிறைந்திருக்கும். சென்சாருக்கு முந்தைய இணைப்புகளில் டெஃப்லான் டேப்பை முதல் ஒரு மரையை விட்டுச் சுற்றுங்கள். விசிறி நின்றுபோய்க் கழற்றும் சென்சார்களில் பலவற்றுக்குள் கிடைப்பது டேப்பின் நூல்தான். அடுத்தது இரும்புத் துகள்: விசிறியில் காந்தம் இருப்பதால் அது வந்து ஒட்டிக்கொள்ளும்.

பேனல் செய்பவர்களுக்கு ஒன்று. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் ஓடும்போது ஒய்.எஃப்.-எஸ்201 நொடிக்கு 125 பல்ஸ் தரும், ஒவ்வொன்றும் 4 மில்லிசெகண்ட்தான் நீடிக்கும். 10 மில்லிசெகண்ட் ஃபில்டர் வைத்த சாதாரண பி.எல்.சி. இன்புட் இதைப் பார்க்கவே பார்க்காது. ஹை ஸ்பீடு இன்புட்டில் கொடுங்கள். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் வருவதும் 5 வோல்ட் பல்ஸ்தான், 24 வோல்ட் இன்புட் அதை உணராது. மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் தண்ணீரே ஓடாதபோதும் லிட்டர் ஏறும். ஷீல்டு கேபிள் போட்டுத் தனியாக இழுங்கள்.

ஆர்.ஓ.வுக்குப் பிந்தைய தண்ணீர் உப்புக் குறைந்தது, சற்றே அமிலத்தன்மை உள்ளது, உலோகத்தை அரிக்கும். பித்தளையில் ஈயம் கலந்திருப்பது வழக்கம் என்பதால் நல்ல தண்ணீர்க் குழாயில் பித்தளைச் சென்சாரைத் தவிர்க்க வேண்டும். ஓசோன் கலக்கும் கேன் பிளான்ட்டுகளில் ஓசோனுக்குப் பின்னால் நைலான் உடல் விரிசல் விட்டுவிடும், அங்கே எஸ்.எஸ். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேவை.

பெரிய பிளான்ட்டுகளுக்கு மின்காந்த மீட்டர் சிறந்தது. அசையும் பாகம் இல்லை, அடைப்பதில்லை. ஆனால் பி.வி.சி. குழாயில் வைக்கும்போது எர்த்திங் ரிங் போடாவிட்டால் அளவு ஆடிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் மின்கடத்துத் திறன் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமன்ஸாவது இருந்தால்தான் பொதுவாக அது வேலை செய்யும். குடிநீருக்குப் பிரச்சினை இல்லை. டயாலிசிஸ் பிரிவுக்கான மிகத் தூய நீரில் அந்த எல்லையை ஒட்டி வந்துவிடும் என்பதால் அங்கே அல்ட்ராசானிக் கேளுங்கள்.

சென்சார் பொய் சொல்கிறதா என்று அறிய, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று போதும். ஃபீட் 1500, நல்ல தண்ணீர் 60 என்று இருக்கையில், 50 சதவீதம் எடுப்பதாக சென்சார் காட்டினால் ரிஜெக்ட் 2940 அளவில் இருக்க வேண்டும். 4300 இருந்தால் உண்மையில் 66 சதவீதம் எடுக்கப்படுகிறது. வாரத்துக்கு ஒரு முறை இதைக் குறித்து வையுங்கள், கூடவே தண்ணீரின் வெப்பநிலையையும். ஒரு டிகிரி குறைந்தால் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும்; மார்கழிக் குறைவைப் பார்த்து மெம்பிரேனை அமிலத்தில் கழுவ வேண்டாம். வெப்பத்துக்கான வித்தியாசத்தைக் கழித்த பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கழுவத் தாமதிக்கவும் வேண்டாம்.

கொட்டேஷன் கேட்பவர்கள் இவற்றை எழுதிக் கேளுங்கள்: ரிஜெக்டிலும் நல்ல தண்ணீரிலும் தனித்தனிச் சென்சார், ஒவ்வொன்றின் ஓட்ட எல்லை, உடல் எந்தப் பொருள், எத்தனை லிட்டரில் பம்ப் நிற்கும். ஒப்படைக்கும் நாளில் ரிஜெக்ட் வால்வை உங்கள் முன்னாலேயே மெதுவாக இறுக்கச் சொல்லுங்கள். பம்ப் நின்ற பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆர்.ஓ. பிளான்ட் பராமரிப்புப் பணியில் உள்ளோர்,
ராமநாதபுரம்.